வைக்கோல் விரித்த வியாழக்கிழமை

பித்தளைப் பலகையில் என்ன பொறிக்கப் போகிறார்கள் என்பதைப் போன்ட்வெலின் ரக்பி கிளப்பின் செயலாளர் கெத்தின் பியூ மூன்று வாரத்துக்கு முன்பே போனில் படித்துக் காட்டிவிட்டார்.

"1970 ஜனவரியில், வெள்ளையர் மட்டுமே கொண்ட தென்னாப்பிரிக்க அணி இந்த மண்ணில் ஆடாமல் தடுத்த மைதானக்காரர் இட்வால் ப்ராசரின் மனசாட்சிக்கு. எப்படி இருக்கு?"

"எழுத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார் இட்வால்.

கெத்தின் சிரித்தார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருஷமாக எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு காலத்தில் அந்த மைதானத்தைப் பராமரித்த இட்வாலுக்கு இப்போது எழுபத்தாறு வயது. அந்த வாசகத்தைக் குளிக்கும்போதும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். வந்த அணியில் வெள்ளையரைத் தவிர ஒருவரும் இல்லை என்பது உண்மை. ஆட்டம் நடக்கவில்லை என்பதும் உண்மை. நடக்காமல் போனதற்கு அவர்தான் காரணம் என்பதும் உண்மை. கடைசிச் சொல் ஒன்றுதான் பொய்.

இது விளங்க வேண்டுமானால் வைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் மைதானம் உறைந்து இறுகாமலிருக்க அந்தக் காலத்தில் வைக்கோல்தான் விரிப்பார்கள். வைக்கோலுக்கென்று சொந்தமாகச் சூடு கிடையாது. ஒவ்வொரு தாளும் உள்ளே வெற்றிடமாக, ஒரு சின்னக் குழாய்போல இருக்கும். குழாய்க்குள் காற்று, குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் காற்று. அடைபட்ட காற்று வெப்பத்தை எந்தப் பக்கமும் எளிதில் விடாது. பகலில் மண் சேர்த்து வைத்த வெப்பம் இரவில் வானத்துக்குப் போய்விடாமல் அது தடுக்கும். ஆகவே வைக்கோல் உலர்ந்திருக்க வேண்டும், உதறி உதறி ஒரு முழ உயரத்துக்குப் பொதபொதவென்று கிடக்க வேண்டும், ஆட்டத்தன்று காலையில்தான் வார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண் இளகியிருக்கும்போதே விரிக்க வேண்டும். இறுகிய மண்மேல் விரித்தால் அதே வைக்கோல் எதிர்வேலை செய்யும். உள்ளே வைத்துக்கொள்ளச் சூடு இருக்காது. வெளியிலிருந்து சூடு வந்தாலும் உள்ளே விடாது. ஐஸ்கட்டியைக் கம்பளியில் சுற்றிவைத்த மாதிரி.

இட்வாலுக்கு இது இருபது வயதிலேயே தெரியும். ஆட்டம் நடக்காமல் போன அந்த வருஷம் அவருக்கு இருபத்தாறு. சனிக்கிழமை ஆட்டம். புதன்கிழமை மதியம் வைக்கோல் லாரி வந்தபோது வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆட்டத்தை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்கள் சிலர், கார்டிஃப் துறைமுகப் பக்கத்திலிருந்து வந்த கறுப்பர்கள் சிலர். ஓட்டுநர் இறங்கி அவர்களைப் பார்த்தான், மணியைப் பார்த்தான், லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றிரவு மண் இறுகிவிட்டது. வியாழக்கிழமை லாரி திரும்ப வந்தது. அவர்களும் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். கிளப் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் இட்வாலும் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவே மாட்டேன் என்று உடம்பைத் தளரவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவள் கோட்டின் முதுகில் தொங்கிய பின்தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலோரப் பள்ளத்தில் தள்ளியது இட்வால். பள்ளத்துத் தண்ணீரில் ஐஸ் கட்டியிருந்தது, அது உடைகிற சத்தம் கேட்டது. அவள் நிறத்தை வைத்து அவர் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு லாரியை உள்ளே விட்டார்.

காலால் மிதித்துப் பார்த்தபோதே மண் கல்லாகிவிட்டது தெரிந்தது. அந்த நிலையில் எந்த மைதானக்காரனும் விரிக்கமாட்டான். ஆனால் வாசலுக்கு வெளியே அவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரிக்காமல் விட்டால் அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். விரித்தார், ஒரு மூலை விடாமல்.

வெள்ளிக்கிழமை கடல்பக்கமிருந்து இளஞ்சூட்டோடு காற்று திரும்பியது. பள்ளிக்கூடத்துத் திடல் இளகியது, ஆடு மேயும் சரிவெல்லாம் இளகியது. வைக்கோலுக்கடியில் இருந்த மைதானம் மட்டும் அப்படியே இருந்தது. சனிக்கிழமை காலை வைக்கோலை வாரியதும் நடுவர் குதிகாலால் ஓர் இடத்தில் குத்திப் பார்த்தார், இன்னோர் இடத்தில் குத்திப் பார்த்தார், இந்தக் கல்தரையில் ஆட முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் கிளப் பாரில் ஒருவன் சொன்னான்: "வைக்கோலப் பத்தி இட்வாலுக்குத் தெரியாதா? இப்படி ஒரு தப்பு அவன் பண்ணவே மாட்டான். வேணும்னே பண்ணியிருக்கான்." அது அன்று வசவு. இரண்டு வருஷம் சிலர் அவரோடு பேசவில்லை. மறுத்திருக்கலாம். மறுத்தால் தொழில் தெரியாத மடையன் என்று ஆகும். இட்வால் பீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு காலம் மாறியது. மண்டேலா விடுதலையான வருஷம் அதே பாரில் அதே விஷயத்துக்காக ஒருவன் அவருக்குப் பீர் வாங்கிக் கொடுத்தான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்தார், பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அவர் தன் வாயால் பொய் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னவர்களை நிறுத்தியதும் இல்லை.

பலகை திறக்கும் சனிக்கிழமை கிளப் ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். சுவரில் சின்னச் சிவப்புத் திரை, இழுக்க ஒரு கயிறு. மேஜையில் தேநீரும், திராட்சை போட்டுக் கல்லில் சுட்ட கேக்குகளும். அந்தக் காலத்தில் கிளப் அணியில் ஓர ஆட்டக்காரராக இருந்தவரும் இட்வாலின் நண்பருமான இவோர் தட்டில் நான்கு கேக் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாடா தியாகி" என்றார். "உன்னால எனக்கு நாட்டு அணியில ஆடற சான்ஸ் போச்சு. அவங்கள மட்டும் அன்னைக்கு நான் ஓடவிட்டு அடிச்சிருந்தா, இப்ப செவுத்துல என் பேரு இருந்திருக்கும்."

"நீ அடிச்சிருக்க மாட்ட. மூணாவது நிமிஷம் மூச்சு வாங்கியிருப்ப."

"வயசானா வாய் மட்டும் இளகுது உனக்கு" என்று இவோர் கேக்கைக் கடித்தார்.

அப்போதுதான் கெத்தின் ஒரு பெண்மணியை அழைத்துக்கொண்டு வந்தார். எழுபது வயது, நரைத்த சுருள் முடி, நிமிர்ந்த நடை. "இட்வால், இவங்கதான் திரை இழுக்கப் போறாங்க. வெரோனா ஹெட்லி. ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸா இருந்து ரிட்டயரானவங்க. அன்னைக்கு வாசல்ல உக்காந்தவங்கள்ல ஒருத்தர்."

எந்த ஒருத்தர் என்பது இட்வாலுக்கு அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குலுக்க அவர் நீட்டிய வலது கையின் மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருந்தது.

கெத்தின் வேறு யாரையோ வரவேற்கப் போனதும் வெரோனா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "மிஸ்டர் ப்ராசர், உங்ககிட்ட அம்பது வருஷமா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். பள்ளத்துல தள்ளினீங்கள்ல, அதுல என் கை ஒடைஞ்சுது. நர்ஸ் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போச்சு."

"தெரியாது" என்றார் இட்வால்.

"இருக்கட்டும். நான் குறை சொல்ல வரல. முதல்ல உங்கள அவ்ளோ வெறுத்தேன். அப்பறம் வைக்கோல் கதைய யாரோ சொன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சுது. கமிட்டிக்காரங்க சந்தேகப்படக் கூடாதுன்னு எங்கள அப்படி இழுத்திருக்கீங்க. எங்க அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க. 'உன் மணிக்கட்டப் பாத்தா நடிப்பு மாதிரி தெரியலடி'ம்பாங்க. 'அம்மா, வைக்கோலே சாட்சி'ம்பேன் நான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இதே சண்டைதான். சாகற வருஷம் வரைக்கும் நான் விடல. கடைசியில 'சரி, நீ சொன்னா சரி'ன்னுட்டாங்க."

வெரோனா சிரித்தார். இட்வால் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்தார். தன்னைப் பெரிய மனிதன் என்று ஊர் சொன்னபோதெல்லாம் அவருக்குக் கூச்சமாக இருந்ததுண்டு. அதைச் சகித்துக்கொள்ளப் பழகியிருந்தார். ஆனால் முகமே தெரியாத ஒரு தாய், தான் கண்ணால் கண்டதைச் சரியாகச் சொல்லிவிட்டு, தோற்றுப்போய்ச் செத்திருக்கிறாள்.

கெத்தின் ஸ்பூனால் கோப்பையைத் தட்டினார். இரண்டு நிமிஷம் பேசினார். "இட்வால், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த வைக்கோல் தந்திரத்த இந்தப் பசங்களுக்கு விளக்குங்களேன்."

இட்வால் எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். பேசத் தெரியாது, விளக்க மட்டும்தான் தெரியும். அதனால் விளக்கினார். தாளுக்குள் காற்று எப்படி அடைபடுகிறது, ஈர வைக்கோல் ஏன் உதவாது, இறுகிய மண்மேல் விரித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"வியாழக்கிழமை மண்ண மிதிச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. இருந்தும் விரிச்சேன்."

இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க. எதுக்கு விரிச்சேன்னு இன்னும் சொல்லல."

பின்வரிசையில் கதவோரம் நின்றிருந்த லோவ்ரி கையை இறக்கினாள். இப்போது அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். இப்போது வைக்கோல் இல்லை, அவள் விரிப்பது பெரிய வெள்ளைப் போர்வைகள். வேலை ஒன்றுதான். "வெள்ளிக்கிழமை காத்து திரும்பிச்சுன்னு சொல்வீங்களே" என்றாள். "அப்பவே வாரியிருந்தா மண்ணு இளகியிருக்குமே. ஆட்டம் நடந்திருக்குமே."

"நடந்திருக்கும். ஆட்டத்தன்னைக்குக் காலையிலதான் வாரணும்னு முறை. முன்னாடியே வாரணும்னு எனக்குத் தோணவே இல்ல, முறைய விடல நான்."

"அப்ப..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அது உறைத்ததை இட்வால் அவள் முகத்தில் பார்த்தார். அறுபது பேரில் அவள் ஒருத்திக்கு முதலில் விளங்கிவிட்டது.

இவோர் முன்வரிசையிலிருந்து கேட்டார்: "டேய், என்ன ஒளறற? நீ வேணும்னே பண்ணினதுதானே?"

"இல்லடா. ஆட்டம் நடக்கணும்னு பண்ணினேன். அவங்க வந்து ஆடணும்னுதான் நெனச்சேன். வாசல்ல உக்காந்தவங்க ஜெயிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். கோவத்துல தொழில மறந்துட்டேன். தப்பு பண்ணினவன்னு சொல்லிக்க வெக்கப்பட்டு, நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு இருந்துட்டேன்."

ஹாலில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கெத்தின் திரைக் கயிற்றை ஏனோ கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்துவிடலாம் என்று இட்வால் குனிந்தார்.

"மிஸ்டர் ப்ராசர்" என்றார் வெரோனா. எழுந்திருக்கவில்லை. வார்டில் பழகிய குரல், உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்டது. "வைக்கோல் சரி. வாசல்ல நடந்தத நீங்க சொல்லலயே."

இட்வால் மறுபடி நிமிர்ந்தார். "இவங்களக் கோட்டுத் தொப்பியப் பிடிச்சு இழுத்துப் பள்ளத்துல தள்ளினது நான்தான். இவங்க கை ஒடைஞ்சது இன்னைக்குத்தான் தெரியும்."

"ஒரு வார்த்த சொன்னீங்க."

"சொன்னேன்."

"என் பொண்ணுகிட்ட, பேரப் பசங்ககிட்ட, அது நடிப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன். நடிப்பா?"

நடிப்பு என்று சொல்லிவிட இப்போதும் இடம் இருந்தது. அப்படிச் சொன்னால் இந்தப் பெண்மணியின் குடும்பம் ஒரு நல்ல கதையை வைத்துக்கொள்ளும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அது தனக்காகத் தோன்றுகிறது என்பதும் அடுத்த நொடி தெரிந்தது.

"இல்ல" என்றார். "மனசாரச் சொன்னேன்."

வெரோனா மடியில் இருந்த வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டார். "அம்மா கரெக்ட்டாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு கெத்தினைப் பார்த்து, "என்னால இத இழுக்க முடியாது, தம்பி. மன்னிச்சுக்குங்க. என் கோட்டு எங்க இருக்கு?" என்றார்.

கெத்தின் கயிற்றை விடவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றார். கோட்டு மாட்டும் ஆணி இட்வாலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் போய் எடுத்தார். கனமான நீலக் கம்பளிக் கோட்டு. கைகளை நுழைக்க வசதியாகத் தூக்கிப் பிடித்தபடி வெரோனாவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

வெரோனா திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை தன் முகத்துக்கு வராமல் கைகளிலேயே நிற்பதைக் கண்டு இட்வாலும் குனிந்து பார்த்தார். கோட்டின் பின்தொப்பியைத்தான் பிடித்திருந்தார்.

விரல்கள் திறந்துகொண்டன. கோட்டு தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் நின்றார். லோவ்ரி கதவோரத்திலிருந்து வந்தாள், கோட்டை எடுத்தாள், தூசியைத் தட்டி வெரோனாவிடம் கொடுத்தாள். கோணல் மணிக்கட்டை முதலில் நுழைத்து, மெதுவாக, தானே போட்டுக்கொண்டார் வெரோனா.