டூங்கபி விக்னராஜா காலமானார்

தன்னுடைய மரண அறிவித்தல் வானொலியில் போனபோது விக்னராஜா குசினியில் நின்று பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தார். காலைச் செய்தி முடிந்து, சாவுச் செய்திக்கென்றே வைத்திருக்கும் அந்த வீணை சற்று நேரம் அழுது ஓய்ந்தது. பிறகு புதிதாக வந்த பையன் ஒருவன் வாசித்தான். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் சிட்னி, டூங்கபியை வசிப்பிடமாகவும் கொண்ட விக்னராஜா அவர்கள் நேற்றுக் காலமானார், மேலதிக விபரங்கள் மாலைச் செய்தியின் பின்னர் அறிவிக்கப்படும். அவ்வளவுதான். வயது இல்லை, தகப்பன் பெயர் இல்லை, இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு மைத்துனரும் என்று நீளும் வால் இல்லை. அந்த வால் இல்லாமல் எந்த யாழ்ப்பாணத்தவரும் செத்ததாகச் சரித்திரம் கிடையாது. விக்னராஜா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒருமுறை தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இன்னொரு விக்னராஜா இருந்தது அவருக்குத் தெரியும். நேரில் கண்டதில்லை. ஆனால் அந்த மனிதருக்கு வரவேண்டிய கலியாணக் கார்டுகள் வருடத்தில் ஒன்றிரண்டு இவருடைய தபால் பெட்டியில் வந்து விழும். இவர் பெயருக்கு வந்த கார்டு எதுவும் அங்கே போய் விழுந்ததாகத் தகவல் இல்லை. மனைவி கமலினி காலமான பிறகு இவரைக் கலியாணத்துக்குக் கூப்பிட ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. ஒரே தங்கச்சி டொரொன்டோவில் இருந்தாள். சிட்னி வானொலி அவளுக்குக் கேட்காது.

பிழையைத் திருத்தச் சொல்வதற்காக வானொலி நிலையத்தின் இலக்கத்தைச் சுழற்றினார். மணி அடிக்கத் தொடங்கியதும் வேறொரு நினைவு குறுக்கே வந்தது. இந்த நேரம் ஓபர்னில் பழைய கூட்டாளி சுப்பையா மைலோக் கோப்பையோடு வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். சாதாரண ரேடியோவில் இந்த ஒலிபரப்பு கேட்காது, தனியாக ஒரு பெட்டி வாங்கவேண்டும். சுப்பையாவுக்கு அதை வாங்கிக்கொண்டுபோய், மகள் வீட்டுப் பின்வளவில் இருந்த அவருடைய சின்ன அறையில் ஏரியலை யன்னலில் கட்டிக்கொடுத்தவரே விக்னராஜாதான். அந்த மனிதர் காலைச் செய்தியைத் தவறவிட்டதே இல்லை. அப்படியானால் இந்தச் செய்தியும் அவர் காதில் விழுந்திருக்கும். விக்னராஜா ரிசீவரை மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல, கீழே வைத்தார்.

சுப்பையா மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, கணக்காளராக வேலை பார்த்து ஓய்ந்தவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஹெலன்ஸ்பர்க் கோயில். சனிக்கிழமை காலை விக்னராஜா ஓபர்னில் அவரை ஏற்றிக்கொண்டு தெற்கே போவார். கோயிலில் கும்பிடுவது கால்மணி, கன்ரீனில் இருப்பது ஒன்றரை மணி. இப்படிப் பதினைந்து வருடம் ஓடிற்று. சுப்பையாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பழகவும் இல்லை. ஆனால் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டவுடன் காரை அவர்தான் ஓட்டுவார். சிக்னல் போடுங்க மிஸ்டர் விக்னா, அந்த லாரிக்காரன் வர்றான் பாத்தீங்களா, இங்க எண்பதுதான், கதவை மெதுவா சாத்துங்க. சிவப்பு விளக்கில் நின்றால், பச்சை விழுந்துவிட்டது என்பதை விக்னராஜாவின் கண்ணுக்கு முன் சுப்பையாவின் வாய் சொல்லிவிடும். கமலினி பின் இருக்கையில் இருந்தவரை இதெல்லாம் பகிடியாகப் போனது. அவள் சிரிப்பாள், இவருக்கும் சிரிப்பு வரும். அவள் போன பிறகு அதே வார்த்தைகள் காதுக்குள் ஊசியாக இறங்கின.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, திரும்பி வரும் வழியில், வோட்டர்ஃபோல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விக்னராஜா காரை ஓரமாக நிறுத்தினார். எதற்கு என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியைத் துடைக்கும் தண்ணீர் முடிந்துவிட்டது என்று சுப்பையா மூன்றாம் தரமாகச் சொன்னதுதான் காரணம். "இறங்குங்கோ" என்றார். சுப்பையா ஒன்றும் கேட்கவில்லை. புளிச்சாதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை வழக்கம்போல மெதுவாகச் சாத்திவிட்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தார். கொஞ்சத் தூரம் போனதும் விக்னராஜாவுக்கு மனம் கேட்கவில்லை. ரவுண்டபவுட்டில் வளைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ரயில் போய்விட்டிருந்தது. மேடையில் ஒரு மக்பைப் பறவை மட்டும் நின்று இவரைப் பார்த்தது.

அதன்பிறகு அவர் ரெலிபோன் எடுக்கட்டும் என்று இவரும், இவர் எடுக்கட்டும் என்று அவரும் இருந்துவிட்டார்கள். விக்னராஜா சில சனிக்கிழமைகள் தனியே போனார். யாரும் எதுவும் சொல்லாத காரில் அவருக்கு இரண்டு முறை வழி தவறிற்று. பிறகு போவதை விட்டுவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரு கள்ள ஆசை வந்தது. திருத்தினால் கதை முடிந்தது. திருத்தாவிட்டால், மாலைச் செய்தி வரைக்கும், ஓபர்னில் ஒரு மனிதருக்கு இவர் செத்தவர். உயிரோடு இருக்கிற விக்னராஜாவிடம் வராத ஆள் செத்த விக்னராஜாவிடம் வருவாரா? வந்தால் கதவைத் திறந்து, மன்னிப்பு என்ற அந்தச் சொல்லைச் சொல்லாமலே, உள்ளே வாங்கோ என்று சொல்லிவிடலாம். வராவிட்டால் அதையும் தெரிந்துகொள்ளலாம். இது சின்னப்பிள்ளை வேலை என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் முகம் வழித்து, சேர்ட் மாற்றி, முன்னறையில் கிடந்த பேப்பர்களை அடுக்கி, கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டார். தன் செத்த வீட்டுக்குத் தானே கதிரை போடும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது.

சிறிது நேரத்தில் ரெலிபோன் அடித்தது. விக்னராஜா ஓடிப்போய் அதன் பக்கத்தில் நின்றார். எடுத்தால் ஹலோ சொல்லவேண்டும், ஹலோ சொன்னால் உயிர் வந்துவிடும். கையை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றார். அது விடாமல் அடித்தது, சாதாரணமாக ஒரு மனிதர் பொறுத்திருக்கும் நேரத்தையும் தாண்டி அடித்தது. பிறகு நின்றது. வீடு முன்பைவிடப் பெரிதாகிவிட்டமாதிரி இருந்தது.

மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். மோகனதாசும் மனைவி செல்வராணியும். பெயரும் முகமும் தெரிந்த ஆட்கள், ஒரு பொங்கல் விழாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். செல்வராணியின் கையில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். இவர்களாவது வந்தார்களே. கதவைத் திறந்தார்.

இருவரும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு கும்பிட்டார்கள். மோகனதாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் செத்தவருடைய தம்பியோ என்று கேட்டார். இல்லை, நான்தான் விக்னராஜா என்றார் இவர். அதன்பிறகுதான் எல்லாம் வெளிச்சமாயிற்று. அவர்கள் வந்தது அந்தப் பக்கத்து விக்னராஜாவுக்கு. தமிழர் தொலைபேசிக் கையேட்டில் பார்த்தபோது இந்த விலாசம்தான் கிடைத்ததாம். விக்னராஜா வழி சொன்னார், பாலத்தைத் தாண்டி இரண்டாவது இடது. மோகனதாஸ் நன்றி சொல்லி இறங்கிவிட்டார். செல்வராணி மட்டும் நின்று வட்டமாகக் கிடந்த வெறும் கதிரைகளைப் பார்த்தாள். என்ன விளங்கியதோ, டப்பாக்களை இவருடைய கையில் வைத்தாள்.

"அங்கை கன பேர் கொண்டு வந்திருப்பினம் அண்ணை. நீங்கள் சாப்பிடுங்கோ."

பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று கார்கள் வந்தன. ஒருவர்கூட இவருக்காக வரவில்லை. கடைசியில் வந்தவர்கள் கார்க் கண்ணாடியை இறக்கும்போதே விக்னராஜா வாசலில் நின்றபடி பாலத்தின் பக்கம் கையைக் காட்டிவிட்டார். தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். இங்கே அதற்கும் வண்டி இருக்கிறது, நாலு பேர் இல்லாமலே போய்விடலாம். குசினியில் தனியே இருந்து செல்வராணியின் சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் சாப்பிட்டார். கறி நன்றாக இருந்தது. உப்புத்தான் கொஞ்சம் குறைவு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை, பார்க்க யார் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் மாதம் இங்கே குளிர்காலம், வெளிச்சம் சீக்கிரம் போய்விட்டது. மாலைச் செய்திக்காகக் குசினியில் பெட்டிக்கு முன்னால் இருந்தார். வீணை அழுதது. இந்த முறை அனுபவமுள்ள ஒரு பெண் குரல் வாலோடு வாசித்தது. இரஞ்சிதத்தின் அன்புக் கணவரும், பிள்ளைகள் ஐவரின் பாசமிகு தந்தையும், லண்டன், பாரிஸ், மொன்றியல், ஒஸ்லோ என்று பரந்திருக்கும் மருமக்கள் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் பெயர்களும். வாசித்து முடிக்க ஒரு பாட்டு நேரம் எடுத்தது. தன்னுடையது என்றால் கமலினியின் கணவர் என்பதோடு மூச்சு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். சரி. இனி எல்லோருக்கும் தெரியும். ஓபர்னிலும் தெரியும். இனி யாரும் வரப்போவதில்லை. பெட்டியை நிறுத்தினார்.

குப்பைத் தொட்டி காலையிலிருந்து வீதியோரத்தில் நின்றது. செத்தவன் வெளியே வந்து தொட்டியை இழுக்கக்கூடாது என்று நாள் முழுக்க அதை எடுக்காமல் விட்டிருந்தார். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பதால் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தொட்டியை இழுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் வந்தபோதுதான் கவனித்தார். வீட்டின் பக்கவாட்டில் நின்ற காரின் முன் இருக்கையில் ஓர் ஆள் இருந்தார். வெள்ளைச் சேர்ட். நரைத்த பின்தலை. இடப்பக்கக் கதவின் பூட்டு பழுதாகிக் கனகாலம். அது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

விக்னராஜா தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய், மற்றப் பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். சுப்பையா திரும்பிப் பார்த்தார். முதலில் வாய் திறந்தது. பிறகு முகம் முழுவதும் ஆடிற்று. விரலால் இவருடைய முழங்கையை ஒருமுறை தொட்டார், உடனே எடுத்துக்கொண்டார். அவருடைய மடியில் மல்லிகைக்குப் பதில் ஏதோ ஒரு வெள்ளைப் பூ, கடைப் பிளாஸ்ரிக்கில் சுற்றியபடி கிடந்தது. இருவரும் வெகு நேரம் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தூசி படிந்து கிடந்தது.

"வாசல் வரைக்கும் வந்தேன்," என்றார் சுப்பையா. "ஒரு ஜோடி செருப்புதான் கெடந்துச்சு. உங்க செருப்பு. அழுவுற சத்தமும் இல்ல. யாருமே இல்லாத வீட்டுல எப்படிப் போயி உக்கார்றது? அதான் இங்க வந்து உக்காந்தேன்."

விக்னராஜா ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"காலையில போன் அடிச்சேன். ரொம்ப நேரம் அடிச்சேன்."

"ஓம்."

"வீட்டுலதான் இருந்தீங்களா?"

"ஓம்."

சுப்பையாவின் இடது கை மெல்ல நகர்ந்து கதவின் பிடியில் போய் நின்றது. விக்னராஜா அதைப் பார்த்தார். வோட்டர்ஃபோலில் அந்தக் கை அதே இடத்துக்குப் போனதும், அப்போது தான் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் ஞாபகம் வந்தது.

"நீங்கள் வருவியளோ எண்டு பாத்தனான்," என்றார். குரல் தன்னுடையதாகவே இல்லை. "வேறை ஒருத்தரையும் நான் பாத்துக்கொண்டிருக்கேல்லை, அண்ணை."

சுப்பையா கையை எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரயில் ஒன்று போனது. செத்த வீட்டில் இந்நேரம் நிலத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

"அங்காலை மற்ற விக்னராஜாதான் செத்தவர். அவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒருக்காப் போட்டு வருவமோ?"

விக்னராஜா சாவியை எடுத்துப் போட்டுத் திருகினார். இரண்டாம் தரம் இயந்திரம் பிடித்தது. பின்விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் சிவப்பாகத் தெரிந்தது. கியரை மாற்றினார்.

"பாத்து," என்றார் சுப்பையா, முன்னாலேயே பார்த்தபடி. "பின்னால குப்பத்தொட்டி நிக்குது."

விக்னராஜா கண்ணாடியில் பார்த்தார். தொட்டி அவர் விட்ட இடத்தில், மூடி பாதி திறந்தபடி, காருக்கு நேர் பின்னால் நின்றது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. சுப்பையாவின் கை இன்னும் கதவின் பிடியில்தான் இருந்தது. மற்றக் கை பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தது.