பெரட்டுக் களத்தில் ஆந்தை

ஆந்தை ஒரு முறை அலறினால் சாவு. இரண்டு முறை அலறினால் நினைத்த காரியம் கைகூடும். மலாயாவில், பெக்கான் நானாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயங்களில் குடியிருந்த சனம் மொத்தமும் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தது. கருப்பாயிக்கும் வீரமுத்துவுக்கும் பரிசம் பேசிய ராத்திரி அந்தப் பாழாய்ப்போன பறவை ஒரே ஒரு முறை அலறித் தொலைத்தது.

கைம்பெண்ணுக்கு மறுபடி தாலியா என்று முகம் சுளித்துக்கொண்டிருந்த சபாபதி கங்காணிக்கு அது வெல்லமாக இனித்தது. முதல் புருசனை விழுங்கியவள் இவனையும் விழுங்குவாள் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தார். யானை வந்தாலும் அசையாத வீரமுத்து, ஆந்தைக்குப் பயந்து அவள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். கருப்பாயிக்கு வயிறு எரிந்தது. புருசனைக் கொண்டுபோனது மலேரியாக் காய்ச்சல், அவளா?

அந்தச் சமயத்தில்தான் பறவைக் குரல்களைப் பதிவு செய்யும் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். மெழுகு உருளையில் குரலைப் பிடித்துத் திரும்பப் பாடும் பெட்டி ஒன்று வைத்திருந்தார். ஆந்தைக் குரல் வேண்டும், காட்டுக்குள் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று அரைகுறை மலாயில் கேட்டார். ஆம்பிளைகள் ஒருவரும் அசையவில்லை. கருப்பாயி சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள்.

ஆந்தை இரண்டு முறை அலறுவதைப் பிடித்துவந்து ஊர் காதில் போட வேண்டும், அதுதான் அவள் கணக்கு. பட்டமரப் பொந்துக்கு நேரே துரை பெட்டியின் குழலை நீட்டினார். கொசு பிடுங்கித் தின்றது. கடைசியில் ஆந்தை அலறியது, ஒரே ஒரு முறை. அலறிவிட்டுப் பறந்தும் போனது. கருப்பாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துரைக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கேயே பாடவிட்டுக் கேட்டார். ஆசை தீராமல் மறுபடியும் பாடவிட்டார். கருப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கே பெட்டியைக் கொண்டுவந்துவிட்டாள். துரை பெட்டிக்குச் சாவி முடுக்கிப் பாடவிட்டார். ஆந்தை அலறியதும் சனம் பின்வாங்கியது.

“ஒன்னுதானே? நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்றார் கங்காணி.

கருப்பாயி துரைக்குக் கை காட்டினாள். ஆந்தை மறுபடி அலறியது.

“இப்ப ரெண்டு. பத்தலன்னா சொல்லுங்க கங்காணி, மத்தியானம் வரைக்கும் அலற வெக்கிறேன். ஆனா ஒன்னு, என் தாலிக்கு இனிமே ஆந்தைய கேக்க மாட்டேன், உங்களையும் கேக்க மாட்டேன்.”

வீரமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவள் கையிலிருந்த சும்மாட்டை வாங்கித் தன் தலையில் வைத்து, ஆந்தைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.