மாற்றப்படாத பை

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எல்லோரும் அவளை ஜிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற இடத்தில் அவள் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், சுவர்க் கொக்கிகளில் தொங்கும் பள்ளிப் பைகளும் தோள் பைகளும். ஜிப் போனாலும் வார் அறுந்தாலும் சுற்றுவட்டாரத்தில் அவளைத்தான் தேடி வருவார்கள். ஒன்பது வருடம் ஒரு தோல் பைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த பைகளைச் சோதித்துப் பழுதானதை ஒதுக்கி வைக்கும் மேஜையில் நின்றவள். தொழிற்சாலை மூடியபோது அவளிடம் மிஞ்சியது ஒரு பழைய மெஷினும், தொட்ட மாத்திரத்தில் ஒரு பையின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடும் விரல்களும்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு முதல் மாடி பல் டாக்டரம்மா தடதடவென்று படியிறங்கி வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையிலிருந்த காபிக்கொட்டை நிறத் தோல் பையை மெஷின் மேல் பொத்தென்று போட்டார்.

"என் பை எங்க?"

ஜிப்பக்காவுக்குப் புரியவில்லை. போன வாரம் புது ஜிப் போட்டுக் கொடுத்த பைதான் எதிரே கிடந்தது. "இதுதானே டாக்டரம்மா உங்க பை?"

"இது என் பை இல்ல. நேத்து விக்கலாம்னு பழைய பிராண்ட் சாமான் வாங்குற கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு டூப்ளிகேட்னு தள்ளிட்டான். ஆறு வருஷமா என் கையில இருந்த பை. நடுவுல நாலு நாள்தான் உன்கிட்ட இருந்துச்சு. ஒரிஜினலை எங்க வித்தே? திருடி!"

கடைசி வார்த்தை படிக்கட்டு வழியாக மேலே ஏறி மொட்டை மாடி வரை போனது. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரி வெளியே வந்தாள். பல் வலியோடு காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்கள்.

கட்டடத்து மேனேஜர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார். யார் பக்கம் பேசுவது என்று அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "ஏம்மா, டாக்டரம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, பையை எங்க கொடுத்தியோ அங்கேருந்து வாங்கிட்டு வந்துடு. இல்லேன்னா நாளைக்கே இடத்தைக் காலி பண்ணிக்கோ."

"எடுக்காததை எங்கேருந்து சார் வாங்கிட்டு வர்றது?" ஜிப்பக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். குனிந்துதான் நிற்க முடிந்தது. ஆனால் பார்வை குனியவில்லை. "டாக்டரம்மா, அந்தப் பையை நீங்களே எடுத்துட்டுப் போங்க. இங்க இருந்தா மறுபடியும் மாத்திட்டேன்னு சொல்வீங்க. நாளைக்கு இதே நேரத்துக்குக் கொண்டு வாங்க. எல்லாரும் இருக்கும்போது பேசிக்கலாம்."

டாக்டரம்மா பையைப் பறித்துக்கொண்டு மேலே போனார். அன்று மதியத்துக்குள் மூன்று பேர் வந்து, தைக்கக் கொடுத்த பையைத் தைக்காமலே திருப்பி வாங்கிப் போனார்கள். ஒருத்தி போகிற போக்கில் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதுதான் ஜிப்பக்காவைச் சுட்டது.

வீட்டுக்கு அவள் போவதற்குள் சேதி போய்விட்டது. ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மன்னிப்புதானே? வாயிலேருந்து ரெண்டு வார்த்தை. கடை போச்சுன்னா எங்க போவோம்?"

"கேட்டுட்டா நான் எடுத்தேன்னு ஆயிடும். அப்புறம் எவ என்னை நம்பி ஒரு பையைக் கொடுப்பா?"

"அவங்க டாக்டரு."

"இருக்கட்டும். பல்லைப் பத்தி அவங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன். பையைப் பத்தி நான் சொல்றதை அவங்க கேக்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "சரி, நாளைக்கு நானும் வர்றேன்."

"எதுக்கு, சண்டை போடவா?"

"எனக்கெங்க சண்டை போட வரும்? சும்மா பக்கத்துல நிக்கிறேன்."

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஜிப்பக்கா மெஷினுக்கு அடியிலிருந்த தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். கழற்றிப் போட்ட பழைய ஜிப்புகள். ஸ்லைடர், கொக்கி என்று எப்போதாவது எதற்காவது உதவும் என்று அவள் எதையும் எறிவதில்லை. குவியலுக்குள் கையை விட்டு அலசி, ஒரு காபிக்கொட்டை நிற ஜிப்பை உருவி எடுத்தாள். நடுவில் நாலு பல் உதிர்ந்திருந்தது. ஓரத்தில் விரல் நீளத்துக்கு நைந்த லைனிங் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி மெஷின் மேல் வைத்தாள்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். மேனேஜர் வந்தார். ஜெராக்ஸ் கடையில் மெஷின் நின்றது. படிக்கட்டில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சொன்னபடியே ஒரு ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜிப்பக்கா பையைத் தொடவில்லை. "டாக்டரம்மா, நீங்களே திறங்க. உள்பாக்கெட்டைத் தூக்குங்க. அதுக்கடியில, ஜிப் பக்கமா என்ன தெரியுது?"

"ஏதோ கறை. நீல மை." டாக்டரம்மாவின் குரல் லேசாக இறங்கியது. "போன வருஷம் உள்ள ஒரு பேனா கசிஞ்சுது. துடைச்சிருந்தேன்."

"மேல துடைச்சிருப்பீங்க. மடிப்புக்குள்ள இறங்கினது போகல. ஓரத்துல லைனிங் நைஞ்சுபோயிருந்துச்சு. அதை வெட்டிட்டுத்தான் புது ஜிப்பைத் தைச்சேன். வெட்டின துண்டு இதோ, உங்க பழைய ஜிப்போட இருக்கு. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாருங்க."

டாக்டரம்மா ஜிப்பை வாங்கிப் பைக்குள் பொருத்தினார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கடித்துச் சேர்கிறதா என்று தினமும் பார்க்கிற கண்கள் அவருடையவை. பாதி வட்டமாக இருந்த கறை, துணியிலிருந்த மறு பாதியோடு சேர்ந்து முழு வட்டமானது. இழைக்கு இழை சேர்ந்தது. அவர் ஒரு முறை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் சேர்ந்தது.

"இது என் பைதான்," என்றார் மெதுவாக. உடனே முகம் மாறியது. "அப்படீன்னா..."

"முதல் நாள்லேருந்தே இது இப்படித்தான்."

"எப்படிச் சொல்றீங்க?" நேற்றைய 'நீ' போன இடம் தெரியவில்லை.

ஜிப்பக்கா தொழிற்சாலை நாளிலிருந்து வைத்திருந்த ஒரு லென்ஸை எடுத்துக் கொடுத்தாள். "ஒரே ஒரு குறையை வெச்சு முடிவு கட்டக்கூடாது. நல்ல கம்பெனியிலயும் ஒரு தையல் கோணத்தான் செய்யும். ஒண்ணொண்ணாப் பாருங்க. உள்ள கம்பெனி பேரு அச்சடிச்சிருக்கே, எழுத்து ஓரத்துல தங்க நிறம் வழிஞ்சிருக்கு பாருங்க. கைப்பிடி மாட்டியிருக்கிற இந்த வளையத்துல கீறல் விழுந்த இடத்துல முலாம் போயி வெள்ளையா இளிக்குது. கைப்பிடி ஓரத்துப் பெயிண்ட் ரப்பர் மாதிரி உரிஞ்சு வருது. எல்லாத்துக்கும் மேல இதை அழுத்துங்க." அவள் கைப்பிடி பையோடு சேரும் இடத்தைக் காட்டினாள். "மொறுமொறுன்னு ஒரு சத்தம் கேக்குதா? உள்ள வெச்சிருக்கிறது தோல் இல்ல, அட்டை. போலி செய்யிறவன் கண்ணுக்குத் தெரியிற இடத்தை நல்லாத்தான் செய்வான். கண்ணு படாத இடத்துல மிச்சம் பிடிப்பான். அதனால நாங்க எப்பவும் உள்ளதான் முதல்ல கையை விடுவோம்."

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். மொறுமொறுத்தது. அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அக்கா கொடுத்தது," என்றார் யாரிடம் என்றில்லாமல். "அம்மா போனப்புறம் அவங்க சங்கிலியை அக்கா எடுத்துக்கிட்டா. ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. 'உனக்கு இதைத் தர்றேன், சங்கிலியைவிட விலை ஜாஸ்தி'ன்னு சொன்னா." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஜிப் போடக் கொடுத்தப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க ஜிப்பை மாத்தச் சொன்னீங்க. ஜாதகம் பார்க்கச் சொல்லலையே."

படிக்கட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் கையைத் தட்டினார். "சரி சரி, விஷயம் முடிஞ்சுது. அவங்கவங்க வேலையைப் பாருங்க."

"முடியல சார்," என்றாள் ஜிப்பக்கா.

டாக்டரம்மா புரிந்துகொண்டார். "மன்னிச்சுக்கங்க," என்றார் பக்கத்தில் வந்து, இருவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"நேத்து நீங்க சொன்ன வார்த்தை மொட்டை மாடி வரைக்கும் கேட்டுச்சு. மூணு பேரு பையைத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. இதுவும் அந்த அளவுக்குக் கேக்கணும்."

வீட்டுக்காரர் பதறி அவள் முழங்கையைத் தொட்டார். அவள் அசையவில்லை. டாக்டரம்மாவின் முகம் காது வரை சிவந்தது. ஒரு கணம் அவர் திரும்பிப் போய்விடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் இரண்டு படி ஏறி நின்று, மேல்மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இவங்க எதையும் எடுக்கல. பை என்னோடதுதான். நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

ஜிப்பக்கா மேனேஜர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும்தான்மா," என்று அவர் முனகினார். "சார், மேல கேக்கல," என்றாள் ஜெராக்ஸ்காரி. அவர் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா பையோடு அக்கா வீட்டுக்குப் போனார். துணைக்கு வரச் சொல்லி ஜிப்பக்காவைக் கூப்பிட்டுத்தான் பார்த்தார். "குடும்பத்துக்குள்ள நான் எதுக்கு? பார்க்க வேண்டியதைத்தான் சொல்லிக் கொடுத்துட்டேனே," என்று அவள் மறுத்துவிட்டாள். அங்கே நடந்ததைத் திங்கட்கிழமை டாக்டரம்மாவே வந்து சொன்னார். அக்கா முதலில் பை அசல்தான் என்று சாதித்தாளாம். டாக்டரம்மா கைப்பிடித் தையலைப் பிரித்து அட்டையை உருவிச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்ததும், தானும் ஏமாந்துவிட்டதாகக் கண்ணைக் கசக்கினாளாம். "சரிக்கா, ஏமாந்த பையை நீ வெச்சுக்கோ, அம்மா சங்கிலியைக் கொடு" என்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் அத்தான்தான் பீரோவைத் திறந்து சங்கிலியை எடுத்துக் கொடுத்தாராம்.

நான்கு நாள் கழித்து, கறுப்புக் கண்ணாடியும் உயர்ந்த செருப்புமாக ஒரு பெண்மணி ஜிப்பக்காவின் கடை முன் வந்து நின்றாள். சாயலைப் பார்த்தாலே யாரென்று தெரிந்தது.

"நீதானா எங்க குடும்பத்தைப் பிரிச்சவ?"

ஜிப்பக்கா ஒரு பயணப் பையின் அடியைத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை.

"நான் பிரிச்சது ஜிப்பை மட்டும்தான். ஆனா அது போலின்னு சொன்னது நான்தான். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்."

சத்தம் கேட்டு மேனேஜர் அலுவலகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்காக்காரி இன்னும் என்னென்னவோ பேசினாள். தையல் முடிகிற வரை ஜிப்பக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "தைக்கிறதுக்கு ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா? இல்லேன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது," என்றாள்.