தேதிப் பக்கத்து விளிம்பு

அந்தக் காசை இன்றைக்கு மட்டும் கொண்டு வராமல் இருக்கட்டும். வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கட்டும்.

டெல்பர்ட் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றியதிலிருந்து வெர்னாவின் மனசு இதையே சொல்லிக்கொண்டிருந்தது. தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பழங்காசுச் சந்தை. மேசைக்கு மேசை விளக்கும் பூதக்கண்ணாடியும். உள்ளே சமையலறையில் சில்லிக் குழம்பு கொதிக்கும் வாசனை. நாணயச் சாலையிலேயே பிழையாகிப்போன காசுகளைப் பார்த்துச் சொல்வதில் அந்த வட்டாரத்தில் வெர்னா சொல்வதுதான் முடிவு. அடுத்த மேசை கிளைடுடையது.

போன மாதம் கிளைடு டெல்பர்ட்டுக்கு ஒரு சென்ட் காசு விற்றான். ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு இல்லாத காசு. தகடு வெட்டும்போதே பிசகியிருந்தால் அது அபூர்வம். பிற்பாடு யாரோ பட்டறையில் வெட்டியிருந்தால் வெறும் சேதம். பிறையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு நேர் எதிரே பார்க்க வேண்டும். தகட்டை உருட்டி நெருக்கி விளிம்பை எழுப்பும்போது ஒரு பக்கம் வெற்றிடமாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு கரைந்தாற்போல மங்கிக் கிடக்கும். புதிதாய் வருகிறவர்கள் பிறையையே உற்றுப் பார்த்து ஏமாறுவார்கள்.

வெர்னா புதியவள் அல்ல. அன்று டெல்பர்ட் காசை அவளிடம் காட்டியபோது எதிர்ப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். அங்கே, வருஷம் பொறித்த தேதியை ஒட்டி, விளிம்பு முழுசாக, தடிப்பாக நின்றது. கிளைடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்தாள். அவளுடைய கணவன் படுத்த படுக்கையாக இருந்த குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியை வாரித் தள்ளியவன். கேட்காமலே செய்தவன்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பொய்யில்லை என்று காரில் போகும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தச் சமாதானம் செத்துப்போயிருந்தது.

"டாக்டரம்மா, உங்க பேஷன்ட் வர்றாரு," என்றான் கிளைடு இன்று, காபியை உறிஞ்சிக்கொண்டே.

டெல்பர்ட் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். அதன் நடுவே, கண்ணாடித்தாளுக்குள், அதே காசு.

"அந்தக் கோடி மேசைக்காரரு இதுக்குப் பதிலா ஒரு வெள்ளி டாலர் தர்றேங்கிறாரு. எங்கம்மா பொறந்த வருஷத்து டாலர், வெர்னா. எத்தனை நாளாத் தேடறேன் தெரியுமா? ஆனா நீங்க அட்டையில ரெண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் வாங்குவாராம். என் மூஞ்சிய நம்ப மாட்டாராம்."

"உங்க மூஞ்சிய உங்க நாயே நம்பாதே," என்றான் கிளைடு.

"நீ சொன்ன விலையக் கேட்டுத்தான் அது கொலைக்கறதையே நிறுத்திருச்சு."

வெர்னா காசை விளக்கடியில் திருப்பினாள். பிறையின் ஓரத்தில் எழுத்துகள் கத்தியால் நறுக்கியதுபோல நின்றன. நிஜப் பிழையென்றால் அவை வெட்டை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கும். தேதிப் பக்கத்து விளிம்பும் அப்படியேதான் இருந்தது. ஒரு மாதத்தில் மங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தாளா என்ன?

டெல்பர்ட் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவர் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எழுதிவிட்டால் இவருக்கு அம்மாவின் டாலர், கிளைடுக்கு மானம். அவள் அன்று உண்மையை விழுங்கிச் சொன்னது மட்டும் அந்தக் கோடி மேசைக்குப் போகும். அங்கிருந்து இன்னொருவரிடம். அவள் பெயரோடு.

"எழுதிக் குடு, வெர்னா," என்றான் கிளைடு. அவளைப் பார்க்கவில்லை. "சாப்பாடு ஆறிடும்."

குரல் இறங்கியிருந்தது. அப்படியென்றால் அவனுக்கும் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்குமோ? அதைக் கேட்க அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அட்டையை டெல்பர்ட் பக்கம் நகர்த்தினாள். பேனாவை வாங்கவில்லை.

"இதுல நான் எழுத மாட்டேன், டெல்பர்ட்," என்றாள் மெதுவாக. "இது யாரோ வெட்டினது."