மேஜைக்கு வெயில் போதாது

புதிதாக இழைத்த தேக்கு யாருக்கும் பிடிக்காது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, அழுக்குத் துணி மாதிரி இருக்கும். சில வாரம் வெயில் பட்ட பிறகுதான் ஒரே பொன்னிறமாகும். பட்டறைக்காரருக்கு இதெல்லாம் அத்துப்படி. தேக்கு இழைப்புளியின் அலகை மழுங்கடிக்கும், எண்ணெய்ப் பசையால் கோந்து சரியாக ஒட்டாது, கரையான் கிட்டே வராது என்று கேட்காமலே விளக்குவார். அப்பேர்ப்பட்டவர்தான் வெயிலில் போட்ட மேஜைப் பலகையின் மேல் ‘ட’ வடிவ மூலைமட்டத்தை வைத்துவிட்டு மறந்துபோனார். எடுத்தபோது அதன் உருவம் பலகையில் பச்சையாக நின்றது.

வேறு யாருடைய மேஜை என்றாலும் போகட்டும். இது மனைவியின் அண்ணனுடையது. தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவர், மேஜையைச் சாக்கு வைத்து வந்திருந்தார். அதுவும் வாசலோடு சரி. கோபித்துக்கொண்டு மறுபடி வராமலே போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

"என்னங்க, மேஜைக்கு முத்திரை குத்தியிருக்கு?" என்றார் அண்ணன்.

"வெயில் பட்டா மறைஞ்சிடும். கொஞ்சம் பொறுங்க."

"நான் வந்து பார்ப்பேன்."

ஞாயிறுதோறும் வந்தார். முதலில் வாசலில் நின்றே குறை சொன்னார். அப்புறம் உள்ளே வந்து பலகையைத் தடவிக் குறை சொன்னார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தங்கை போட்ட டீயையும் விடவில்லை. "சக்கரை போட இன்னும் கத்துக்கலையா நீ?" அவள் உள்ளே போய் அழுதாள். சந்தோஷம்தான்.

ஒருநாள் தடம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"சரி மாப்ள, அடுத்த வாரம் வண்டி கொண்டுவந்து ஏத்திக்கிறேன்."

மேஜை போய்விட்டால் அண்ணன் எதற்கு வரப்போகிறார்? அவள் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை பட்டறைக்காரர் வந்து பார்த்தால், தரையெல்லாம் சுருள் சுருளாகத் தேக்குச் சீவல். பலகை பழையபடி திட்டுத் திட்டாகக் கிடந்தது.

"யாரு இழைச்சது?"

"மேடு பள்ளமா இருந்துச்சுங்க," என்றாள், கையில் இழைப்புளியோடு. அவர் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துச் சீவலைக் கூட்டினார்.

அண்ணன் வண்டியோடு வந்தார். பலகையைப் பார்த்தார். புடவையில் ஒட்டியிருந்த சீவலோடு நின்ற தங்கையைப் பார்த்தார். வெளியே போய் வண்டிக்காரரை அனுப்பிவிட்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"டீ போடும்மா. வெயில் இன்னும் பத்தாது போல."