பிழை இல்லாத பதிவு

"பேனாவைக் கீழே வை."

மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் பெரியவள் மேஜைக்கு மேலே எட்டி, தங்கையின் விரலிடுக்கிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிட்டாள். மன்னிப்புக் கடிதத்தின் அடியில் கையெழுத்தின் முதல் சுழி மட்டும் விழுந்திருந்தது.

"விடுக்கா. நாலு மணிக்குள்ள இதைக் கேமரா முன்னாடி நின்னு படிக்கணும். இல்லைன்னா நாளையிலேர்ந்து வார்டுப் பக்கமே வர வேண்டாமாம்" என்றாள் சின்னவள். நர்ஸ் சீருடையில் இருந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

எதிரே மேட்ரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது.

"நீங்கதான் அந்த அச்சாபீஸ் அக்காவா?"

"பதிப்பகம் மேடம். பிழை திருத்துறேன்."

"உட்காருங்க. நான் ஒண்ணும் வில்லி இல்லை. மேலிடத்துலேர்ந்து வந்த கடிதம் அது."

பெரியவள் உட்காரவில்லை. கடிதத்தை வாசித்தாள். 'என் முறையற்ற செயலுக்காக மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இனி எந்த ஊடகத்திலும் எதையும் பதிவிட மாட்டேன்.' மன்னிப்புக்குப் பக்கத்தில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. பதினான்கு வருடப் பழக்கம், விரல் தானாக அந்த இடத்துக்குப் போய் நின்றது.

"தெரியும்க்கா, தெரியும்" என்றாள் சின்னவள். "என் வேலை போய்க்கிட்டிருக்கு, நீ ஒற்று தேடறே. கல்யாணப் பத்திரிகை கொடுத்தாக்கூட மாப்பிள்ளை பேரைப் பார்க்க மாட்டே, பிழையைத்தான் பார்ப்பே."

நடந்தது இதுதான். ஒன்பதாம் நம்பர் கட்டில் பெரியவர், இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு இருபத்திரண்டு நாள் படுத்தே கிடந்தவர், ஞாயிற்றுக்கிழமை எழுந்து தாழ்வாரத்தில் பதினோரு அடி நடந்தார். பதினோராவது அடியில் அவர் கைதட்ட, சின்னவள் அவருக்கு முன்னால் இருபது விநாடி ஆடினாள். அவர் மகள் அதைப் போனில் பிடித்தாள். சின்னவள் அதை மகளிடமும் பெரியவரிடமும் கேட்டு வாங்கித் தன் இணையப் பக்கத்தில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை 'ஊர்க்கண்' என்ற பக்கத்தில் அதே வீடியோ வந்தது. எட்டாவது விநாடியிலிருந்து வெட்டியிருந்தார்கள். பெரியவர் இல்லை, கைதட்டல் இல்லை. பின்னால் 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்ற பலகை, முன்னால் ஆடுகிற ஒரு நர்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பெரியவளுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும். அகராதி ஒன்றின் கடைசி அச்சுப்படிகளில் தலையைக் கவிழ்த்திருந்தவளைச் சின்னவளின் போன்தான் நிமிர வைத்தது.

"முழு வீடியோவைக் காட்டினா போதாதா மேடம்?"

"காட்டினேன். நானே ரெண்டு தடவை பார்த்து அழுதேன். மேலிடத்துக்கு அழுகை வரலை." மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பக்கத்தை நடத்துறது யாருன்னு தெரியலை. ஒரு பேர் கிடைச்சா வக்கீல் நோட்டீஸ் விட்டுப் பதிவை இறக்கச் சொல்லலாம், மன்னிப்பு வேண்டாம்னு நானே சண்டை போடறேன். பேர் இல்லைன்னா கடிதம்தான்." பிறகு சின்னவளைப் பார்த்து, "நீயும் போடாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

"சந்தோஷமா இருந்துச்சு, போட்டேன். அதுக்கு யார்கிட்ட மேடம் லீவு லெட்டர் கொடுக்கணும்?"

மேட்ரன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

சின்னவள் போனை அக்காவிடம் நீட்டினாள். "இதுக்குத்தான் உன்னை ஓடி வரச் சொன்னேன். மேடம், இவ எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவா. இவங்க ஆபீஸ்ல வந்த மொட்டைக் கடுதாசியை ஸ்டோர்காரர்தான் எழுதினார்னு பிடிச்சுக் கொடுத்தா."

"அவர் 'வருத்தம்'னு எழுதினா பெரிய 'ற' போடுவார்" என்றாள் பெரியவள். "வருத்தத்தையே வறுத்துடுவார்."

மேட்ரன்கூடச் சிரித்துவிட்டார். பெரியவள் போனை வாங்கிப் பதிவைப் பார்த்தாள்.

'கதவுக்கு உள்ளே ஓர் உயிர் ஊசலாடுகிறது; வெளியே அவள் ஆடினாள். சீருடையை மறந்தாள். சிரித்தாள்...'

விரல் திரையிலேயே நின்றுவிட்டது. உயிருக்கு முன்னால் 'ஓர்'. அரைப்புள்ளி, போட வேண்டிய இடத்தில். ஒற்று ஒன்றுகூடத் தவறவில்லை.

"ஆடினேன்தான், இல்லைங்கலை" என்று சின்னவள் பேசிக்கொண்டே போனாள். "அந்த 'ள்'தான்க்கா தாங்க முடியலை. மேலே அவன் 'ள்' போட்டான், கீழே வந்தவங்க எல்லாம் 'டி' போட்டாங்க. ஆறு வருஷமா சிஸ்டர், வாங்க, போங்க. இன்னிக்குக் காலையில ஊசி போடப் போனா, பன்னிரண்டாம் நம்பரோட பையன் 'ஏய், நீ வேண்டாம், ஆடாத ஆளா அனுப்பு'ங்கறான். ஊசியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாருன்னு தெரியுதா?"

"இல்லை" என்றாள் பெரியவள். "ஒரு பிழைகூட இல்லை. பிழை இருந்தாத்தான் ஆள் தெரியும்."

மூன்று நாற்பது. மேட்ரன் கடிதத்தை மெதுவாக நகர்த்தி வைத்தார். சின்னவள் அக்காவின் கையிலிருந்து பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை.

பதிப்பகத்தில் ஒரு விதி உண்டு; வெளி வேலை பார்க்கக் கூடாது. நோட்டீஸ் போனால் வக்கீல் கேட்பார், தன் பெயரும் வெளியே வரும், பதினான்கு வருடம் ஒரே நாளில் முடியும். பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

பெரியவள் உள்ளங்கையை விரித்துக் கடிதத்தின் மேல் வைத்தாள். பேனா அவள் புறங்கையில் நீலமாய் ஒரு கோடு இழுத்து நின்றது.

"பேர் இருக்கு மேடம். போன் நம்பரும் இருக்கு." இன்னொரு கையால் தன் போனில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து மேட்ரன் பக்கம் தள்ளினாள். "தினம் காலையில எனக்கு நாலு பத்தி அனுப்புவார். எங்கே போடறார்னு சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. படம் இருக்காது, வீடியோ இருக்காது, வெறும் எழுத்து. பஸ்ல வரும்போதே பிழை திருத்தி அனுப்பிடுவேன்."

"அக்கா, என்ன சொல்றே?"

"நான் படிக்கலைடி. எழுத்தை மட்டும் பார்த்தேன்." தங்கையின் முகத்தைப் பார்க்காமல், கையில் விழுந்த கோட்டைப் பார்த்துச் சொன்னாள். "அவர் அனுப்பினதுல வினைமுற்று மூணு இடத்துல 'ஆர்'னு முடிஞ்சுது, நாலு இடத்துல 'ஆள்'னு. கலந்து வரக்கூடாது, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கணும். 'ஆள்'னு வச்சா மூணு திருத்தத்தோட வேலை முடிஞ்சுடும். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வேற வந்துடுச்சு."

சின்னவளின் மடியிலிருந்து தொப்பி நழுவித் தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"முதல் வரியில 'ஆடினார்'னுதான் இருந்துச்சு" என்றாள் பெரியவள். "'ஆடினாள்' ஆக்கினது நான்."