ஏழாவது அத்தியாயத்தை வெட்டலாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வயிற்றெரிச்சலிலிருந்து. போன வாரம் ஒரு நண்பர் போனில் கூப்பிட்டு, நாவலை முடித்துவிட்டதாகச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அதன்பிறகு என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இந்த எரிச்சலை யார் தலையிலாவது கட்டவேண்டும் என்று தேடியபோது அகப்பட்டவள்தான் இவள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அவள் ஜன்னலோரம்...

(வேண்டாம். இந்தக் கதையில் மழைக்கு வேலையே இல்லை.)

பொய்ப்பல் செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. வருஷக்கணக்காக ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தாள். எந்த அளவில் இருக்கிறது என்று வீட்டில் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். மாடியில் ஓரகத்தி குடியிருந்தாள், கொழுந்தனின் மனைவி. கணக்கு எழுதும் உத்தியோகம். மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், கைபேசியிலேயே ஒரு நாவலை எழுதி முடித்துவிட்டாள். ஒரு பதிப்பகம் அதை வெளியிட எடுத்துக்கொண்டும்விட்டது.

2

"அக்கா, ஒரு அத்தியாயத்தைக் குறைக்கச் சொல்றாங்க. எதைன்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு என்ன தெரியும்?" என்று தாள்கட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள் ஓரகத்தி.

மோசமாக இருக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டுதான் அவள் படிக்க உட்கார்ந்தாள். ஆறு அத்தியாயம்வரை தெய்வங்கள் துணையிருந்தன. ஏழாவதில் வேலை போன ஒரு தாய், அதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறாள். மகன் வருகிறான். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறாள்.*

அவ்வளவுதான். அவள் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் படித்தாள். இத்தனை வருஷமாக அவள் எழுத முயன்றது இதைத்தான்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றான் கணவன்.

"பல்லு வலி."

"பல்லு செய்யறவளுக்கே பல்லு வலியா!"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

* இந்த அத்தியாயத்தை முழுசாக இங்கே எழுதிக் காட்ட முயன்றேன். வரவில்லை. நானே கற்பனை செய்த பெண் என்னைவிட நன்றாக எழுதுகிறாள். இதை எங்கே போய்ச் சொல்வது?

3

மறுநாள் காலை மாடிக்குப் போனாள். "ஏழாவதை வெட்டிடு. கொஞ்சம் இழுவையா இருக்கு" என்றாள்.

(இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டேன். இவள் இவ்வளவு கெட்டவளா? முதல் வடிவத்தில் மனசாரப் பாராட்டிவிட்டுப் படியிறங்கினாள். படித்துப் பார்த்தால் மரப்பொம்மையாக இருந்தாள். அடித்துவிட்டேன்.)

"நானும் அப்படித்தான் நினைச்சேன்க்கா. வெட்டிடறேன்" என்றாள் ஓரகத்தி. முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

வேலையில் அன்று அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு முன்பல்லைத் தேய்த்துத் தேய்த்து உபயோகமில்லாமல் ஆக்கினாள். மதியம், சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஓரகத்திக்குப் போன் செய்தாள்.

"ஏழாவதை வெட்டாதே."

"ஏன்க்கா?"

"பொறாமையில சொல்லிட்டேன்."

அழுகிறாளோ, திட்டப்போகிறாளோ என்று அவள் காத்திருந்தாள்.

"நிஜமாவாக்கா? பொறாமைப்படற அளவுக்கா நல்லாருக்கு?" என்றாள் ஓரகத்தி. குரல் அப்படித் துள்ளியது.

அவள் போனை வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

4

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தன் நாவலைத் திறந்தாள். நான் முதலில் யோசித்த ஒரு முடிவில் அதை ஒரேயடியாக அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். எழுதிப் பார்த்தேன், அந்த நிம்மதி பொய். இன்னொரு முடிவில் வீம்பாக எழுதி முடித்துப் பெரிய பேர் வாங்கினாள். அதை என்னாலேயே தாங்க முடியவில்லை, கிழித்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: முதல் பக்கத்தைப் படித்தாள். மோசமாக இல்லை. பிரமாதமாகவும் இல்லை. தூக்கிப்போட மனசு வரவில்லை, தொடரத் தெம்பும் இல்லை.

இதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த என் வாயை நானே நம்பவில்லை. அவள் எழுதட்டுமா, விட்டுவிடட்டுமா என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிற நிலையில் இருக்கிறாள்.

பார்த்துச் சொல்லுங்கள்.